'அம்மா' வராமல் 'அமமஆ' வந்தால்: புதிய இயங்குதளத்தில் தமிழ்99 விசைப்பலகையை அமைப்பது எப்படி

போன வாரம் ஒரு நண்பர் போனில் கூப்பிட்டார். பல வருடமாகத் தமிழ்99இல் அடிப்பவர். விண்டோஸை எடுத்துவிட்டுப் புதிதாக உபுண்டு போட்டிருந்தார். "எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். லிஸ்ட்ல தமிழ்நெட் 99னு இருந்தது, அதையே சேர்த்தேன். அம்மான்னு அடிச்சா அமமஆன்னு வருது. மூணு தடவை எடுத்துட்டு மறுபடி போட்டுட்டேன், அப்படியேதான் இருக்கு" என்றார்.

அவர் கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. அவர் சேர்த்த பொருளே வேறு. முப்பது தடவை எடுத்துப் போட்டிருந்தாலும் அதே 'அமமஆ'தான் வந்திருக்கும். திரையில் வந்த அந்த நாலு எழுத்தைக் கொஞ்சம் நின்று பார்த்திருந்தால், கோளாறு எந்த இடத்தில் என்று அதுவே சொல்லியிருக்கும்.

இந்தக் கட்டுரை அதற்காகத்தான். எதையும் நீக்குவதற்கு முன்னால் ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள். என்ன வருகிறதோ அதை வைத்து எந்தப் படியில் பிழை என்று கண்டுபிடியுங்கள். பிறகு அந்தப் படியை மட்டும் தொடுங்கள்.

விசையிலிருந்து திரை வரை

நீங்கள் ஒரு விசையை அழுத்தியதும் கீபோர்டு கணினிக்கு அனுப்புவது எழுத்தை அல்ல, வெறும் எண்ணை. எந்த விசை அழுத்தப்பட்டது என்பது மட்டும்தான் அதில் இருக்கும். விசையின் மேல் என்ன எழுத்து அச்சாகியிருக்கிறது என்பது கீபோர்டுக்கே தெரியாது. அந்த எண்ணை எழுத்தாக மாற்றுவது இயங்குதளத்தில் இருக்கும் விசை அமைப்பு. இது ஓர் அட்டவணை மாதிரி: இந்த விசைக்கு இந்த எழுத்து, அவ்வளவுதான்.

ஆங்கிலத்துக்கு அட்டவணை போதும். தமிழ்99க்குப் போதாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு தரப்படுத்திய இந்த அமைப்பில் 12 உயிர், 18 மெய், ஆய்தம் என்று 31 விசைகளை வைத்துக்கொண்டே 247 எழுத்துகளையும் ஷிப்ட் தொடாமல் அடித்துவிடலாம். கிரந்த எழுத்துகளுக்குத்தான் ஷிப்ட். இது எப்படி முடிகிறது? ம-வுக்குப் பின் ஆ அடித்தால் 'மா' ஆகிறது. ம-வை இரண்டு தடவை அடித்தால் முதல் ம-வின் தலையில் புள்ளி தானாக ஏறி 'ம்ம' ஆகிறது. ந-வுக்குப் பின் த வந்தால் 'ந்த'. ங-வுக்குப் பின் க வந்தால் 'ங்க'. அதாவது, முன்னால் என்ன அடித்தீர்கள் என்பதை யாரோ நினைவில் வைத்திருக்க வேண்டும். வெறும் அட்டவணைக்கு அந்த நினைவு கிடையாது. அந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு உள்ளீட்டு முறை என்று பெயர்.

அதற்கு அப்புறம் இன்னும் இரண்டு படி. எழுத்தைப் பெற்றுக்கொள்ளும் செயலி ஒன்று, அதைத் திரையில் வரைந்து காட்டும் எழுத்துரு இன்னொன்று. ஆக மொத்தம் நான்கு இடம்: விசை அமைப்பு, உள்ளீட்டு முறை, செயலி, எழுத்துரு. "தமிழ் வரவில்லை" என்று சொல்லும்போது இந்த நான்கில் ஒன்றில்தான் பிழை இருக்கும்.

முதலில் சோதனை

சோதனையை வேர்டிலோ பிரவுசரிலோ செய்யாதீர்கள். விண்டோஸில் நோட்பேடு, உபுண்டுவில் டெக்ஸ்ட் எடிட்டர், மேக்கில் டெக்ஸ்ட்எடிட் என்று இருப்பதிலேயே எளிய செயலியைத் திறந்துகொள்ளுங்கள். பெரிய செயலிகள் தம் பங்குக்கு ஏதாவது மாற்றும். அப்போது பிழை யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

விசைகளை ஆங்கில எழுத்துப் பெயராலேயே சொல்கிறேன். 'ஏ விசை' என்றால் கேப்ஸ் லாக்கை ஒட்டி வலப்பக்கம் இருப்பது. தமிழுக்கு மாறிக்கொண்டு இந்த நான்கு விசைகளை வரிசையாக அடியுங்கள்: ஏ, கே, கே, க்யூ.

தமிழ்99இல் ஏ விசை 'அ', கே விசை 'ம', க்யூ விசை 'ஆ'. ஆகவே வர வேண்டியது 'அம்மா'. வந்துவிட்டதா? இன்னும் இரண்டு சொல் அடித்துப் பாருங்கள். ஜே, அரைப்புள்ளி விசை, எல், டி என்று அடித்தால் 'பந்து' வர வேண்டும். எல், கே, எஸ், சாய்கோடு விசை, எஃப் என்று அடித்தால் 'தமிழ்'. மூன்றும் சரியாக வந்தால் விசை அமைப்பும் உள்ளீட்டு முறையும் ஒழுங்காக இருக்கின்றன. இனி அவற்றைத் தொட வேண்டாம்; நேராகச் செயலி, எழுத்துரு பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

வராவிட்டால், வந்தது என்ன என்று பாருங்கள்.

ஆங்கில எழுத்துகளே வந்தால் நீங்கள் இன்னும் தமிழுக்கு மாறவில்லை. விண்டோஸிலும் உபுண்டுவிலும் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பார். மேக்கில் கன்ட்ரோலோடு ஸ்பேஸ்பார், அல்லது உலக உருண்டை போட்ட விசை. இது மிகச் சாதாரணப் பிழை, அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது.

'அமமஆ' என்று எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுந்தால், அட்டவணை மட்டும் இருக்கிறது, உள்ளீட்டு முறை இல்லை. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில்தான் இது பெரும்பாலும் நடக்கும். கீழே அதற்கென்றே எழுதியிருக்கிறேன்.

'அமமா' என்று உயிர்மெய் சேர்ந்து, புள்ளி மட்டும் வராமல் போனால் உள்ளீட்டு முறை வேலை செய்கிறது, ஆனால் தானாகப் புள்ளி வைக்கும் விதி அதில் இல்லை. தமிழ்99 என்ற பெயரில் இருப்பவை எல்லாம் எல்லா விதியையும் செயல்படுத்தியிருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் எஃப் விசையால் நீங்களே புள்ளி வையுங்கள்: ஏ, கே, எஃப், கே, க்யூ. கை அதற்குப் பழகாது என்றால் வேறொரு தமிழ்99 மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் விசையிலேயே புள்ளிகளால் ஆன ஒரு வட்டமும் அதன் இருபுறமும் ஓகாரக் குறியும் வந்து, பின்னால் க, க என்று விழுந்தால், நீங்கள் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் இருக்கிறீர்கள். அது இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் வகுத்தது; அதில் ஏ விசை ஓகாரக் குறி, கே விசை 'க'. மெய்யெழுத்து இல்லாமல் குறி மட்டும் வந்தால், அது ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லை என்பதைக் காட்டத்தான் அந்தப் புள்ளி வட்டம். இதைப் பார்த்து எழுத்துரு கெட்டுவிட்டது என்று பயந்து எழுத்துருக்களாக இறக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துருவில் ஒரு பிழையும் இல்லை. விசைப்பலகையை மாற்றினால் போதும்.

'அ' சரியாக வந்து அதற்குப் பின் க வரிசை வந்தால், நீங்கள் இருப்பது அஞ்சல் போன்ற ஒலிபெயர்ப்பு முறை ஒன்றில். கே-க்கு 'க', எம்-க்கு 'ம' என்று ஆங்கில ஒலியை வைத்துப் போகும் முறை அது. அதுவும் நல்ல முறைதான். நீங்கள் தேடியது அதுவல்ல, அவ்வளவுதான்.

பெட்டி பெட்டியாக வந்தால்தான் எழுத்துருக் கோளாறு.

விண்டோஸ்

2019 மே மாத விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து தமிழ்99 விண்டோஸோடே வருகிறது. தனியாக எதையும் இறக்க வேண்டிய அவசியம் இல்லை. விண்டோஸ் 11இல் வழி இது:

1. செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்க்வேஜ், அதற்குள் லாங்க்வேஜ் அண்ட் ரீஜன்.
2. ஆட் எ லாங்க்வேஜ் அழுத்தித் தமிழைத் தேருங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாட்டுப் பெயரோடு தனித்தனியாக இருக்கும். உங்களுக்கு உரியதை எடுங்கள்.
3. அடுத்து வரும் பக்கத்தில் 'இதை விண்டோஸின் காட்சி மொழியாக வை' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். மெனு எல்லாம் தமிழில் வேண்டுமானால் ஒழிய அதில் குறி இருக்கக் கூடாது.
4. நிறுவி முடிந்ததும் பட்டியலில் தமிழுக்கு நேரே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, லாங்க்வேஜ் ஆப்ஷன்ஸ் போங்கள். கீபோர்ட்ஸ் என்ற பகுதியில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்.
5. ஆட் எ கீபோர்டு அழுத்தி 'தமிழ் 99' தேருங்கள்.
6. அதே பட்டியலில் வேறு தமிழ் விசைப்பலகை ஏதாவது இருந்து, உங்களுக்கு அது வேண்டாம் என்றால் இப்போதே நீக்கிவிடுங்கள்.

நான்காவது படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். மொழியைச் சேர்க்கும்போது ஒரு விசைப்பலகை தானாகவே கூட வரும். அது எது என்று பார்க்காமல் விட்டால், டாஸ்க்பாரில் 'தமிழ்' என்று காட்டும், ஆனால் விழுவது வேறாக இருக்கும். பெயர் எதுவும் ஒட்டாமல் வெறும் 'தமிழ்' என்று பட்டியலில் இருப்பது இன்ஸ்கிரிப்ட். இதே பட்டியலில் அஞ்சலும் இருக்கும்.

ஒரு செயலியில் தமிழுக்கு மாறியது அடுத்த செயலிக்குப் போனதும் ஆங்கிலமாகிவிடுகிறதா? செட்டிங்ஸில் டைப்பிங், அதற்குள் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் பாருங்கள். ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி விசைப்பலகை வைத்துக்கொள்ளும் கட்டம் அங்கே இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்களுக்கு அது வசதி. மற்றவர்கள் எடுத்துவிடுவது நல்லது.

சிலருக்கு நேர்மாறான தொல்லை. நீங்கள் சேர்க்கவே சேர்க்காத விசைப்பலகை ஒன்று டாஸ்க்பார் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். செட்டிங்ஸில் தேடினால் இருக்காது. இல்லாததை நீக்க முடியாது என்பதால், அதே விசைப்பலகையை நீங்களே செட்டிங்ஸில் சேர்த்து, பிறகு நீக்குங்கள். பெரும்பாலும் போய்விடும்.

இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், கீமேன் போன்ற தனி மென்பொருளில் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அவை ஆங்கில விசைகளைப் பிடித்துத் தமிழாக்கித் தருபவை. அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸின் தமிழ்99க்கும் மாறிவிட்டால், ஒரே விசைக்கு இரண்டு பேர் வேலை செய்வார்கள். எழுத்து இரட்டிக்கும், விழுங்கும், தாறுமாறாகும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனி மென்பொருள்தான் வேண்டும் என்றால் டாஸ்க்பாரில் ஆங்கிலமே இருக்கட்டும். நிர்வாகி உரிமையோடு திறந்த செயலியில் மட்டும் தமிழ் வராமல் போவதும் இப்படிப்பட்ட மென்பொருளில் நடக்கும். சாதாரண உரிமையில் ஓடும் மென்பொருள் நிர்வாகி உரிமையில் ஓடும் சாளரத்தின் விசைகளைத் தொடக்கூடாது என்பது விண்டோஸின் பாதுகாப்பு விதி.

லினக்ஸ்

இங்கேதான் நண்பர் மாட்டிக்கொண்டார், இங்கேதான் புதியவர்கள் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லினக்ஸில் விசை அமைப்புகளின் பட்டியல் எக்ஸ்கேபி என்ற தொகுப்பிலிருந்து வருகிறது. அதில் தமிழ்நெட் 99 என்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் நம் ஆள்தான் என்று தோன்றும். ஆனால் எக்ஸ்கேபி வெறும் அட்டவணை. ம-வை அடித்தால் ம தரும், ஆ-வை அடித்தால் ஆ தரும், இரண்டையும் சேர்க்கும் வேலை அதற்குத் தெரியாது. அதன் பக்கத்திலேயே டேப், டிஸ்கி என்ற பெயர்கள் ஒட்டிய அமைப்புகளும் இருக்கும். அவை, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவாக எண் தரும் இன்றைய யூனிகோடு பரவுவதற்கு முன்னால், எழுத்துகளை எண்ணாகச் சேமிக்கப் புழங்கிய பழைய முறைகள் (குறியேற்றங்கள்). அவற்றை இன்று தொடவே வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது எம்17என் நூலகத்தின் தமிழ்99. 'பன்மொழியாக்கம்' என்ற பொருள் தரும் நீண்ட ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து எம், கடைசி எழுத்து என், நடுவில் இருப்பது 17 எழுத்து. அதுதான் அந்தப் பெயர். ஜப்பானில் தொடங்கிய திட்டம். தமிழுக்கு மட்டும் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு, தட்டச்சு இயந்திர முறை என்று பல உள்ளீட்டு முறைகள் அதில் இருக்கின்றன.

உபுண்டு போன்று க்னோம் மேசைத்தளம் (மெனு, சாளரம், செட்டிங்ஸ் எல்லாம் தரும் பகுதி) உள்ள லினக்ஸில் வழி இது:

1. டெர்மினலிலோ தொகுப்பு மேலாளரிலோ ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவுங்கள். ஆங்கிலத்தில் ஐ, பி, யூ, எஸ், ஒரு சிறு கோடு, எம், 1, 7, என்; நடுவில் இடைவெளி கிடையாது, எல்லாம் சிறிய எழுத்து.
2. லாக் அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள்.
3. செட்டிங்ஸில் கீபோர்டு, இன்புட் சோர்சஸ் பகுதியில் கூட்டல் குறியை அழுத்தித் தமிழைத் தேடுங்கள். முதலில் காட்டும் சிறு பட்டியலில் இல்லாவிட்டால் மூன்று புள்ளியை அழுத்தினால் முழுப் பட்டியல் வரும்.
4. தமிழ்99 என்ற பெயரோடு எம்17என் என்பதும் ஒட்டியிருக்கும் வரியைத் தேருங்கள். அந்த ஒட்டு இல்லாவிட்டால் அது எக்ஸ்கேபி.
5. முன்னால் சேர்த்த தமிழ்நெட் 99ஐ இப்போது நீக்கிவிடலாம்.

இரண்டாவது படியில் அவசரப்பட்டால் மூன்றாவது படியில் எதுவும் கிடைக்காது. உள்ளீட்டு முறைகளை நடத்தும் ஐபஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்த உள்ளீட்டு முறை அதற்குத் தெரிய வேண்டும் என்றால் அது மறுபடி தொடங்க வேண்டும். நண்பருக்கும் கடைசியில் இங்கேதான் நின்றது. "லிஸ்ட்லயே இல்லையே" என்றார். "லாக் அவுட் பண்ணிட்டு வாங்க" என்றேன். ஒரு நிமிடம் கழித்து வந்தவர், நான் கேட்காமலே 'அம்மா, பந்து, தமிழ்' என்று அடித்து அனுப்பினார்.

கேடிஇ மேசைத்தளத்தில் கொஞ்சம் மாறும். அங்கே பலரும் எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டுக் கட்டமைப்பையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் போட்டுக்கொள்கிறார்கள். வேலேண்டு அமர்வில் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையில்) இருந்தால் இன்னொரு இடத்தையும் தொட வேண்டும்: சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பக்கத்துக்குப் போய் எஃப்சிஐடிஎக்ஸைத் தேர வேண்டும். திரையில் தோன்றும் கீபோர்டுக்கு மட்டுமான பக்கம் என்று நினைத்து அதைத் திறக்காமலே விட்டுவிடுவார்கள். ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். விண்டோஸில் சொன்ன அதே சண்டை இங்கேயும் வரும்.

பழைய குறிப்புகளைப் பார்த்து அப்படியே செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செட்எக்ஸ்கேபிமேப், எக்ஸ்மோட்மேப் போன்ற கட்டளைகள் வேலேண்டுக்கு முந்தைய முறையான எக்ஸ்11 அமர்வுக்கானவை. உபுண்டு 21.04 முதல் பெரும்பாலான கணினிகளில் வேலேண்டு அமர்வுதான் இயல்பாக வருகிறது. அங்கே அந்தக் கட்டளைகள் பிழை எதுவும் காட்டாமல் போனாலும் நீங்கள் எதிர்பார்க்கும் பலன் இருக்காது. கட்டளை சரி, இடம்தான் மாறிவிட்டது. நீங்கள் எந்த அமர்வில் இருக்கிறீர்கள் என்பது செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில், கணினி விவரங்களுக்குள் எழுதியிருக்கும்.

டெக்ஸ்ட் எடிட்டரில் தமிழ் வருகிறது, ஏதோ ஒரு செயலியில் மட்டும் வரவில்லை என்றால், அந்தச் செயலி ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக்காக வந்ததா என்று பாருங்கள். அவை தனிக் கூட்டுக்குள் ஓடுபவை. உள்ளீட்டு முறையோடு பேசும் வழி சில நேரம் அடைபட்டிருக்கும். அதே செயலியைச் சாதாரணத் தொகுப்பாகப் போட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்துக்கும் டிவோராக் அல்லது கோல்மாக் என்று மாற்று அமைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்17என் பார்ப்பது நீங்கள் அழுத்திய விசையின் இடத்தை அல்ல, அடியில் இருக்கும் ஆங்கில அமைப்பு தரும் எழுத்தை. அடியில் டிவோராக் இருந்தால் தமிழ் எழுத்துகளும் அதற்கேற்ப இடம் மாறிப்போகும். 'அம்மா'வுக்குப் பதில் தொடர்பே இல்லாத எழுத்துகள் வந்து, அவை தமக்குள் ஒழுங்காக ஒட்டிக்கொள்ளவும் செய்தால் காரணம் இதுதான். சாதாரண அமெரிக்க ஆங்கில அமைப்பை முதலில் வைத்துச் சோதித்துவிட்டு, பிறகு உங்கள் அமைப்பைச் சேருங்கள்.

மேக்

மேக்கில் சொல்வதற்கு அதிகம் இல்லை. தமிழ் 99, அஞ்சல் இரண்டும் இயங்குதளத்தோடே வருகின்றன, ஒழுங்காகவும் வேலை செய்கின்றன. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் டெக்ஸ்ட் இன்புட் பகுதியில் எடிட் அழுத்தி, கூட்டல் குறியில் தமிழைத் தேர்ந்து, தமிழ் 99ஐச் சேருங்கள். அங்கேயே மெனு பாரில் உள்ளீட்டு மெனுவைக் காட்டும் தேர்வையும் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது எந்த விசைப்பலகை என்பது எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். கடவுச்சொல் கட்டத்தில் தமிழ் மங்கலாகித் தேர முடியாமல் போனால் அது கோளாறல்ல, அங்கே அப்படித்தான். சில நேரம் கடவுச்சொல் சாளரம் ஏதாவது பின்னால் திறந்தபடியே கிடந்து, மற்ற இடத்திலும் தமிழை மாற்ற விடாமல் பிடித்துக்கொள்ளும். அதைத் தேடி மூடுங்கள்.

நீங்களே உருவாக்கிய அல்லது வேறெங்கிருந்தோ எடுத்த விசை அமைப்புக் கோப்பு என்றால், லைப்ரரி கோப்புறைக்குள் இருக்கும் கீபோர்டு லேஅவுட்ஸ் என்ற கோப்புறையில் வைத்து, லாக் அவுட் செய்து வர வேண்டும். கோப்பை வைத்த கையோடு பட்டியலில் தேடினால் கிடைக்காது.

விசை சரி, செயலிதான் தகராறு

நோட்பேடில் ஒழுங்காக வருவது வேர்டில் பாதி வாக்கியத்தில் ஆங்கிலமாகிவிட்டால், பக்கத்தில் இருக்கும் எழுத்தின் மொழியைப் பார்த்து விசைப்பலகையைத் தானே மாற்றும் தேர்வு ஒன்று வேர்டில் இருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

லிப்ரேஆஃபிஸில் தமிழுக்கு என்ன எழுத்துரு தேர்ந்தாலும் மாறவில்லை என்று பலர் குழம்புவார்கள். அது தமிழை ஆங்கிலத்தோடு சேர்க்காமல் 'சிக்கலான எழுத்தமைப்பு' என்று தனி வகையாக வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியே மொழிப் பகுதிக்குப் போய் அந்த வகையைச் செயல்படுத்தி, தமிழைத் தேர்ந்துவிட்டால், எழுத்துரு சாளரத்தில் அதற்கென்று தனிக் கட்டம் வரும். எழுத்துருவை அங்கே மாற்றுங்கள்.

வடிவமைப்புச் செயலிகளில் 'கெ' என்று அடித்தால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் அடித்தது சரி. யூனிகோடில் க முதலில், எகரக் குறி அதற்குப் பின்னால் என்றுதான் சேமிக்கப்படும். திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது செயலியின் பொறுப்பு. ஃபோட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் இதற்கு வேர்ல்டு-ரெடி என்று பெயருள்ள வரி அமைப்பு முறை இருக்கிறது. அதற்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பெட்டி பெட்டியாக வருவதற்கு மருந்து எழுத்துரு. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற எழுத்துரு தமிழைக் காட்டுகிறது. பழைய ஆவணங்களில் லதா, விஜயா எழுத்துருக்கள் இருந்து அவை இப்போது காணவில்லை என்றால், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழ்க் கூடுதல் எழுத்துருக்கள் என்று தேடிச் சேருங்கள். லதாவும் விஜயாவும் அதில்தான் இருக்கின்றன. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் போதும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பழகியவர்கள் மட்டும் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அவற்றில் தமிழே கிடையாது. அடிப்பது ஆங்கில எழுத்து; அதன் மேல் தமிழ் உருவம் வரையப்பட்டிருக்கிறது. எழுத்துருவை மாற்றியதும் உங்கள் கட்டுரை முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் காரணம் அதுதான். அந்தக் கோப்புகளை யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு எடுக்க வேண்டும். விசைப்பலகையில் எவ்வளவு தேடினாலும் அதற்கு வழி கிடைக்காது.

ஆங்கிலத்தை ஒருபோதும் நீக்காதீர்கள்

எல்லாம் சரியான பிறகு, தமிழில்தானே அதிகம் அடிக்கிறோம் என்று ஒரு தடவை தமிழ்99ஐ முதல் இடத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் கணினியைத் திறந்தால் கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி அடித்தேன், மறுபடி தவறு. திரையில் தெரிவதோ வெறும் கறுப்புப் புள்ளிகள். நான் ஆங்கிலம் என்று நினைத்து அடித்தது தமிழாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பது நாலாவது தடவைதான் உறைத்தது. மூலையில் இருந்த மொழிக் குறியை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றியதும் திறந்துகொண்டது. பட்டியலில் ஆங்கிலம் இருந்ததால் தப்பினேன்.

ஆகவே ஆங்கிலம் முதலில், தமிழ் இரண்டாவதாக. லினக்ஸில் தமிழை மட்டும் வைத்துக்கொண்டால் கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தும் குறுக்குவிசைகளும் சில செயலிகளில் வேலை செய்யாமல் போகும். அதற்கும் இதே வரிசைதான் தீர்வு. விண்டோஸில் நுழைவுத் திரைக்கென்று தனி அமைப்பு உண்டு. லாங்க்வேஜ் அண்ட் ரீஜன் பக்கத்தின் கீழே அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்க்வேஜ் செட்டிங்ஸ் திறந்து, காப்பி செட்டிங்ஸ் அழுத்தினால், இப்போதைய அமைப்பை வரவேற்புத் திரைக்கும் புதிய பயனர்களுக்கும் நகலெடுக்கலாம். வீட்டில் நாலு பேர் பயன்படுத்தும் கணினி என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். கணினி தொடங்கும்போதே கேட்கும் அந்தக் கடவுச்சொல்லுக்கு உங்கள் மேசைத்தளத்தின் அமைப்பு எதுவும் பொருந்தாது. இயங்குதளம் நிறுவும்போது கொடுத்த விசை அமைப்புதான் அங்கே இருக்கும். ஆங்கிலத்துக்கு டிவோராக் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. டிவோராக், கோல்மாக், சாதாரண ஆங்கிலம் மூன்றிலும் இடம் மாறாத எண்களாலேயே நீளமான கடவுச்சொல் ஒன்று வைத்துக்கொள்வது ஒரு வழி.

இவ்வளவுக்கும் அப்புறமும் சரியாகவில்லை, யாரிடமாவது கேட்கத்தான் வேண்டும் என்றால், "தமிழ் வரல" என்று மட்டும் எழுதாதீர்கள். இயங்குதளத்தின் பெயரும் பதிப்பு எண்ணும், லினக்ஸ் என்றால் மேசைத்தளமும் அமர்வும், பட்டியலில் தேர்ந்த விசைப்பலகையின் முழுப் பெயர், ஏ, கே, கே, க்யூ அடித்தபோது திரையில் வந்தது எது என்பதற்கு ஒரு படம். இவற்றை முதல் செய்தியிலேயே அனுப்புங்கள். பதில் சொல்பவர் திரும்பக் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.